கப்பல் போன பிறகு யார் சாட்சி?

1971 போரில் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய விமானங்கள் விக்ராந்த் கப்பலின் மேல்தளத்திலிருந்துதான் பறந்து போயின. 1961-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 1997-இல் ஓய்வுபெற்றது. மும்பையில் பல ஆண்டுகள் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை என்று ஏலத்தில் போய், 2014-இல் துண்டுதுண்டாக அறுக்கப்பட்டது. அந்த இரும்பில் ஒரு பகுதியை வாங்கிய பஜாஜ் நிறுவனம் அதை உருக்கி மோட்டார் சைக்கிளில் சேர்த்தது. முப்பத்தாறு ஆண்டுகளில் அந்தக் கப்பலின் கொதிகலன் அறையில் வெந்தவர்கள், மேல்தளத்தில் விமானங்களை இழுத்துக் கட்டியவர்கள், அடுக்களையில் நின்று ஊருக்கே சமைப்பதுபோலச் சமைத்தவர்கள் என்று எத்தனை ஆயிரம் பேர்! பேரப்பிள்ளைகளை அழைத்துப்போய் "இங்கேதான் நான் படுத்திருந்தேன்" என்று காட்ட அவர்களுக்கு ஒரு மூலைகூட மிஞ்சவில்லை.

தரைப்படைக்காரருக்கு இந்தக் குறை இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்த ஒருவர் எழுபது வயதில் நீலகிரி வெலிங்டனுக்குப் போனால், தான் பயிற்சி பெற்ற மைதானத்திலேயே இன்றைய இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். 1758-இல் தொடங்கிய படைப்பிரிவு அது. ஆட்கள் மாறுவார்கள், படைப்பிரிவு இருக்கும். கடற்படையில் எல்லாமே தலைகீழ். ஒரு கப்பலின் ஆயுள் முப்பது, நாற்பது ஆண்டு. அதற்குள்ளும் ஒரு மாலுமி அதில் இருப்பது இரண்டு மூன்று ஆண்டுதான். பிறகு கரையில் ஒரு பணி, மறுபடி வேறொரு கப்பல். பதினைந்து ஆண்டு முடித்து ஓய்வூதியத்தோடு வெளியே வரும்போது அவருக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. நான்கைந்து கப்பல்களில் பஞ்சாபி, மலையாளி, ஒடியா, பிஹாரி என்று எல்லாரோடும் ஒரே மெஸ்ஸில் தட்டெடுத்துச் சாப்பிட்டிருப்பார். வெளியே வந்த மறுநாளே அத்தனை பேரும் நாலா திசைக்கும் பிரிந்துவிடுவார்கள். இவர் தருமபுரிக்கோ தேனிக்கோ வருவார். வங்கியிலோ துறைமுகத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலை கிடைக்கும். பிறகு அவர் கடலில் இருந்தது அவர் வீட்டாருக்கு ஒரு புகைப்படமாக மட்டுமே தெரியும்.

இப்படிச் சிதறியவர்களை ஒருவரோடொருவர் தொடர்பில் வைத்திருக்கும் முன்னாள் கடற்படையினர் சங்கங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. இந்தியாவிலும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவை ஆண்டுக்கொருமுறை கூடி, பழங்கதை பேசி, குழுப்படம் எடுத்துக்கொண்டு கலையும் கூட்டமாகத் தெரிகின்றன. உறுப்பினர்களில் பலரே அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. கடலில் நடப்பதைப் பார்க்கக் கரையில் ஆளில்லை. கப்பலில் என்ன நடந்தது என்பதற்கு அரசின் ஏட்டுக்கு வெளியே ஒரே சாட்சி, பக்கத்தில் நின்றவர்தான். அந்த ஆளின் முகவரி தெரியாமல் போனால் உண்மையும் போய்விடும். ஒரு கப்பலின் ஆட்களைத் தேடிப்பிடித்துப் பெயரும் முகவரியும் வைத்திருக்கும் சங்கம் சாட்சிகளைக் காக்கிறது. சில நேரங்களில் ஒரு மனிதனின் மானத்தையே காத்திருக்கிறது.

அமெரிக்கக் கடற்படையின் இண்டியானாபொலிஸ் கப்பலின் கதையை நம் ஊரில் பலர் 'ஜாஸ்' திரைப்படத்தில் வரும் சில நிமிட வசனமாக மட்டும் கேட்டிருப்பார்கள். ஹிரோஷிமாவில் போட்ட அணுகுண்டின் பாகங்களை 1945 ஜூலை 26 அன்று டினியன் தீவில் இறக்கிவிட்டு, குவாம் வழியாகப் பிலிப்பைன்ஸின் லெய்ட்டி நோக்கி அது தனியாகப் போய்க்கொண்டிருந்தது. துணைக்கு ஒரு கப்பல் கேட்டார் தளபதி சார்லஸ் மெக்வே, மறுத்துவிட்டார்கள். அந்தப் பாதையில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் நடமாடுவதாக உளவுத் தகவல் இருந்தது. அது அவருக்குச் சொல்லப்படவில்லை. ஜூலை 30 நள்ளிரவு கழிந்ததும் ஐ-58 என்ற நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் தாக்கின. பன்னிரண்டு நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. 1,195 பேரில் சுமார் முந்நூறு பேர் கப்பலோடு போனார்கள். மற்றவர்கள் தண்ணீரில் மிதந்தார்கள். கப்பல் வந்து சேரவில்லையே என்று லெய்ட்டியில் யாரும் கேட்கவில்லை. நான்காம் நாள், வேறு வேலையாகப் பறந்துகொண்டிருந்த ஒரு விமானி தற்செயலாகக் குனிந்து பார்த்ததில்தான் அவர்கள் கண்ணில் பட்டார்கள். வெயிலும் தாகமும் காயமும் சுறாவும் போக உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 316 பேர்.

இத்தனை பேர் செத்ததற்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கப்பலை வளைத்து வளைத்து ஓட்டாததால் ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று மெக்வேமீது குற்றம் சுமத்தி, அந்த ஆண்டு டிசம்பரில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். சாட்சி சொல்ல ஜப்பானிலிருந்து அழைத்துவரப்பட்டவர் யார் தெரியுமா? டார்பிடோ விட்ட அதே நீர்மூழ்கியின் தளபதி மொச்சிட்சுரா ஹஷிமோட்டோ. 'அவர் வளைத்து ஓட்டியிருந்தாலும் நான் தாக்கியிருப்பேன்' என்ற பொருளில் எதிரியே சொன்ன பிறகும் மெக்வே குற்றவாளி என்றுதான் தீர்ப்பாயிற்று. இரண்டாம் உலகப் போரில் எதிரியால் கப்பலை இழந்த அமெரிக்கத் தளபதிகளில், அதற்காகக் கூண்டில் ஏறியவர் அவர் ஒருவரே. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களிலிருந்து வசைக் கடிதங்கள் ஆண்டுதோறும் அவர் வீட்டுக்கு வந்தபடி இருந்தன. 1968 நவம்பரில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அதற்கு எட்டு ஆண்டு முன்பு, 1960-இல், உயிர் பிழைத்தவர்கள் முதன்முறையாக இண்டியானாபொலிஸ் நகரத்தில் கூடினார்கள். ஜைல்ஸ் மெக்காய் என்ற முன்னாள் மரைன் வீரர் முன்னின்று சேர்த்த கூட்டம் அது. மெக்வேக்கு வர அச்சம். தன் ஆட்கள் தன்னை எப்படிப் பார்ப்பார்களோ என்ற தயக்கத்தோடுதான் வந்தார். அவர்கள் அவருக்கு சல்யூட் அடித்து வரவேற்றார்கள். நாட்டுக்கு அவர் குற்றவாளி, அவரோடு தண்ணீரில் கிடந்தவர்களுக்கோ அவர்தான் கேப்டன். அன்றிலிருந்து அந்தச் சங்கத்துக்கு இரண்டு வேலை: ஒன்று, கூடுவது, இன்னொன்று, கேப்டன்மீது விழுந்த பழியைத் துடைப்பது. அவர் இறந்தும் அவர்கள் விடவில்லை. 1995-இல் அந்த நகரத்தில் கப்பலில் இருந்தவர்கள் பெயர்களைப் பொறித்து நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பழியைத் துடைக்கும் மனுக்களை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் ஹன்டர் ஸ்காட் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், 'ஜாஸ்' படத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளியின் வரலாற்றுப் போட்டிக்காக இந்தக் கப்பலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினான். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பையனின் சுட்டித்தனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என் கண்ணுக்குப் படுவது வேறு. உயிர் பிழைத்தவர்களில் ஒருவரை அவன் பிடித்ததும், அவரிடமிருந்து மற்றவர்களின் பெயரும் முகவரியும் கிடைத்தன. அதை வைத்து ஏறத்தாழ 150 பேரைத் தொடர்பு கொண்டான். முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாக ஒரு சங்கம் யார் எங்கே குடியிருக்கிறார், யார் காலமானார் என்று திருத்தித் திருத்தி வைத்திருக்காவிட்டால் அந்தப் பையனின் கேள்விகள் எந்த வாசலையும் எட்டியிருக்காது. 1999-இல் முதியவர்களான அந்த மாலுமிகள் செனட் குழுவின் முன் போய் உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். ஷின்டோ கோயில் பூசாரியாகிவிட்டிருந்த ஹஷிமோட்டோவும் மெக்வேயை விடுவிக்கும்படி ஜப்பானிலிருந்து கடிதம் எழுதினார். 2000 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத் தீர்மானம் நிறைவேறி அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். 2001-இல் கடற்படைச் செயலாளர் மெக்வேயின் பணிப் பதிவேட்டில் விடுவிப்பைச் சேர்க்க உத்தரவிட்டார். மெக்வே இறந்து அப்போது முப்பத்திரண்டு ஆண்டு கடந்திருந்தது.

அதோடும் முடியவில்லை. கப்பல் எந்த இடத்தில் கிடக்கிறது என்பது 2017 வரை தெரியாது. மூழ்குவதற்குச் சில மணி நேரம் முன்பு இண்டியானாபொலிஸைக் கடலில் கண்டதாக வேறொரு கப்பலின் மாலுமி விட்டுச்சென்ற நினைவுக் குறிப்பைப் பற்றிக்கொண்டு கடற்படை வரலாற்றாளர் ஒருவர் தேட வேண்டிய இடத்தை மாற்றிக் கணித்தார். அந்தத் திசையில் போன, அமெரிக்கத் தொழிலதிபர் பால் ஆலனின் தேடல் குழு, 2017 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் கடலில் சுமார் 5,500 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டது. பிழைத்தவர்கள் 317 அல்ல, 316 என்று 2018-இல் திருத்தினார்கள். ஒரே ஒரு பெயரைச் சரிசெய்ய எழுபத்து மூன்று ஆண்டு! அந்தச் சங்கத்தில் மாலுமிகளின் பிள்ளைகளும் பேரர்களும் ஓர் அணியாகச் சேர்ந்து, கப்பலில் ஒரு காவல் முடிந்ததும் அடுத்த காவல் ஏறும் வழக்கப்படி, தங்களுக்கு 'இரண்டாம் காவல்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

மானத்துக்கு மட்டும்தான் சாட்சி வேண்டும் என்பதில்லை, மருந்துக்கும் வேண்டும். வியட்நாம் போரில் காடுகளின்மேல் கொட்டப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச் நஞ்சால் நோயுற்ற வீரர்களுக்கு உதவ 1991-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. 2002-இல் விதியை இறுக்கி, வியட்நாம் மண்ணில் கால் வைத்தவர்களுக்கு மட்டுமே என்றார்கள். கரையோரமாகக் கப்பலில் இருந்தவர்களுக்குச் சலுகை இல்லை. அதே 2002-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். கப்பலில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் குடிநீர் எடுப்பார்கள். கரையிலிருந்து வழிந்துவந்த டையாக்சின் நஞ்சு அந்த வடிப்பில் நீங்கவில்லை, மேலும் செறிந்தது. கப்பல்காரர்கள் அதைக் குடித்தார்கள், அதில் சமைத்தார்கள், குளித்தார்கள். அதன் பிறகும் பதினேழு ஆண்டு போராட்டம். 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஜூனில் சட்டம் வந்தது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் போராட்டத்தை நடத்தியது ஆழ்கடல் மாலுமிகளின் சங்கம். எந்தக் கப்பல் எந்த நாளில் கரையிலிருந்து எத்தனை கடல் மைலில் நின்றது என்பதைக் கப்பலின் நாட்குறிப்பேடுகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தவர்கள் ஓய்வுபெற்ற மாலுமிகள். ஏட்டில் இல்லாததை 'நான் அவரோடு அந்தக் கப்பலில் இருந்தேன்' என்று கையெழுத்திட்டுச் சொல்லும் தோழரின் வாக்குமூலத்தை அங்கே சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் கப்பல்களுக்கும் இது பொருந்தும். பழைய நீராவிக் கப்பல்களில் குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் கட்டுவது உலக வழக்கமாக இருந்தது. அதன் தூள் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டு கழித்தே நோயாக வெளிப்படும். அறுபது வயதில் மூச்சிரைக்கும் ஒருவரிடம் 'எங்கே வேலை பார்த்தீர்கள்' என்று மருத்துவர் கேட்டால் வங்கியில் என்பார். இருபது வயதில் இன்ஜின் அறையில் குழாய் கட்டுகளை உரித்ததை அவரே மறந்திருப்பார். நினைவுபடுத்த ஆள் வேண்டுமே!

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக் கடலில் குக்ரி என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். தளபதி மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வர மறுத்து அதோடு மூழ்கினார். அவர் பெயரை நாடு மறக்கவில்லை. டையூவில் நினைவிடமும் இருக்கிறது. பிழைத்து நீந்தி வந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் அன்றிரவு கண்டது என்ன? நீருக்கடியில் ஒலி வைத்துத் தேடும் சோனார் கருவியில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்ததா, அதற்காகக் கப்பலின் வேகம் குறைக்கப்பட்டதா என்று பிழைத்தவர்கள் பல காலமாகப் பேசிவந்தார்கள். அவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து ஒரு முழு நூல் வர 2006 ஆயிற்று, முப்பத்தைந்து ஆண்டு. எழுதியவர் இயான் கார்டோசோ. கூர்க்கா படைப்பிரிவைச் சேர்ந்த தரைப்படை மேஜர் ஜெனரல்! கடற்படைத் தோழர்களின் சாட்சியத்தைத் திரட்டத் தரைப்படையிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதே நேரத்தில், அந்த முப்பத்தைந்து ஆண்டில் வாய் திறக்காமலே இறந்த மாலுமிகள் எத்தனை பேர் என்று நினைக்க மனம் கனக்கிறது.

இன்னும் பின்னால் போனால் 1946 பிப்ரவரி. பம்பாயில் தல்வார் பயிற்சித் தளத்தில் தொடங்கி, கராச்சி வரை கப்பல் கப்பலாகப் பரவிய மாலுமிகள் எழுச்சி. அடக்கிய பிறகு 476 பேரைப் பணிநீக்கம் செய்தார்கள். அவர்களைப் பிரித்து அவரவர் ஊருக்கு அனுப்பினார்கள். விடுதலைக்குப் பிறகு இந்தியக் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியம் 1970-களில் அவர்களுக்கும் கிடைக்கத் தொடங்கியபோது கால் நூற்றாண்டு கடந்திருந்தது. மும்பைக் கொலாபாவில் அவர்களுக்குச் சிலை வைத்தது 2001-இல். சிதறடிக்கப்பட்ட ஒரு கூட்டம் மறுபடி கூட வழியில்லாமல் போனால் வரலாறு எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கு நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கும் கடற்படைக்கும் உள்ள உறவு சிறிதல்ல. அரக்கோணம் ராஜாளி, திருநெல்வேலி விஜயநாராயணம் கட்டபொம்மன், உச்சிப்புளி பருந்து, சென்னை அடையாறு என்று நிலையங்கள் நம் மண்ணிலேயே இருக்கின்றன. ஓய்வுபெற்ற மாலுமிகள் மாவட்டம்தோறும் இருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் கைப்பேசிக் குழுக்கள் பலரையும் மறுபடி சேர்த்துவைத்திருக்கின்றன, நல்ல காரியம். ஆனால் அந்தக் குழுக்களில் பெரும்பாலானவை ஒன்றாகப் பயிற்சி பெற்ற பேட்ச் அடிப்படையில் இருக்கின்றன. கப்பல் அடிப்படையில் இருப்பவை குறைவு. பேட்ச் என்பது பயிற்சியின் நட்பு. கப்பலில் தீப்பிடித்த இரவில் பக்கத்தில் இருந்தவர் வேறு பேட்ச்சாக இருந்திருப்பார். அவரைத் தேட இந்தக் குழு உதவாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உறுப்பினர் இறந்ததும் குழுவில் இரங்கல் வந்து குவியும். சில வாரங்களில் அந்த எண் குழுவிலிருந்து நீங்கிவிடும். மனைவிக்கு அதுவரை இருந்த ஒரே நூலும் அங்கே அறுந்துபோகிறது. உண்மையான வேலை தொடங்குவதே அப்போதுதான். குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, பணிப்பதிவில் அவர் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பது தெரியவரும். பிறந்த தேதி பொருந்தாது. கணவரின் ஓய்வூதிய ஆணை எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாலுமிகளின் பதிவேடுகள் மும்பையில் இருக்கின்றன. ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. ஆண்டுதோறும் உயிர்ச்சான்று தர வேண்டும். கிராமத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இவை அனைத்தும் ஒரே வாரத்தில் தலையில் இறங்குகின்றன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும்தான். ஆனால் 'வாருங்கள் அண்ணி, நான் வருகிறேன்' என்று கூடவே போய் நின்று, பழைய பதிவு எண்ணைத் தேடி எடுத்து, மனுவை எழுதிக்கொடுக்க அலுவலகத்தால் முடியாது. தோழரால் முடியும். கணவரின் பதவி என்ன, எந்த ஆண்டு எந்தக் கப்பல், எப்போது அடிபட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அதனால் சங்கம் நடத்துகிறவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது, மனைவியையும் பிள்ளைகளையும் இன்றே உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதைத்தான். விழாவுக்கு அழைத்துத் தனி மேசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவது போதாது. அவர்களின் பெயரும் எண்ணும் சங்கத்தின் ஏட்டில் தனியாக இருக்க வேண்டும். பிரிட்டனின் ஹூட் கப்பல் 1941 மே 24 அன்று வெடித்து மூழ்கியபோது 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரை வைத்துச் சங்கம் நடத்த முடியுமா? அந்தக் கப்பல் அதற்கு முன் ஓடிய இருபது ஆண்டுகளில் அதில் பணியாற்றிய பழைய மாலுமிகள் 1975-இல் சங்கம் தொடங்கினார்கள். செத்தவர்களின் உறவினர்களும் சேர்ந்தார்கள். பிழைத்த மூவரில் ஒருவரான டெட் பிரிக்ஸ் நெடுங்காலம் அதன் தலைவராக இருந்து 2008-இல் காலமானார். அவரோடு மூவரும் போயாயிற்று. சங்கம் போகவில்லை. கடலடியிலிருந்து எடுத்த கப்பலின் மணி 2016-இல் போர்ட்ஸ்மத்தில் மக்கள் பார்வைக்கு வந்தபோது உறவினர்கள் கூடி நின்றார்கள். குடும்பங்களைச் சேர்க்காத சங்கங்கள் பல, அங்கேயே, கடைசிச் சில முதியவர்கள் தங்கள் கொடியைத் தேவாலயத்தில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியதோடு முடிந்திருக்கின்றன.

நம் சங்கங்களில் இன்னொரு சுவரும் நிற்கிறது. அதிகாரிகளுக்கு ஒன்று, மாலுமிகளுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கூடும் வழக்கம். பணியில் இருக்கும்போது அந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ஆணையிடுபவரும் கீழ்ப்படிபவரும் இல்லாமல் கப்பல் ஓடாது. ஓய்வுக்குப் பிறகும் அதைக் கட்டிக்கொண்டு அழுவது கப்பலின் கதையை இரண்டாகப் பிளக்கிறது. மேல்தளத்தில் நின்றவருக்குத் தெரிந்தது இன்ஜின் அறையில் இருந்தவருக்குத் தெரியாது. கீழே இருந்தவர் கண்டதை மேலே இருந்தவர் காணவில்லை. மெக்வேக்காக வாதாடியவர்களில் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாதாரண மாலுமிகளே அதிகம். பதவிப் போட்டியும் தேர்தல் வழக்குமாகச் சில சங்கங்கள் வீணாவதையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. தலைவர் நாற்காலிக்காக நீதிமன்றம் போகும் பணத்தில் பத்து விதவைகளின் விண்ணப்பங்களை மும்பைக்கே கொண்டுபோய்க் கொடுத்து வரலாம்.

கடற்படையும் ஒன்று செய்யலாம், செலவில்லாத காரியம். ஒரு கப்பலைப் பணியிலிருந்து விடுவிக்கும் நாளில் கொடி இறக்கும் விழா நடத்துகிறார்கள். அதே நாளில் அந்தக் கப்பலின் ஆயுளில் அதில் பணியாற்றிய அனைவரின் பெயர்ப் பட்டியலை, பாதுகாப்புக்கு ஊறு வராத அளவில், ஒரு சங்கத்திடம் முறையாக ஒப்படைக்கட்டும். தமிழ்நாட்டின் மாவட்ட நல அலுவலகங்கள் பதிவுப் படிவத்தில் பணியாற்றிய கப்பல்களின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கட்டும். பத்து ஆண்டுகளில் எந்த மாவட்டத்தில் எந்தக் கப்பலின் ஆள் இருக்கிறார் என்று தேடக்கூடிய ஏடு உருவாகிவிடும்.

இது அவசரமாக வேண்டியிருப்பதற்கு ஒரு புதிய காரணமும் இருக்கிறது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் கடற்படைக்குச் சேர்ந்த அக்னிவீரர்கள் ஒடிசாவின் சில்கா தளத்தில் பயிற்சி முடித்துக் கப்பலேறினார்கள். முதன்முறையாக மாலுமிகளாகப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களில் முதல் அணியின் நான்கு ஆண்டுப் பணி 2026 இறுதியில் முடிகிறது. கால் பங்கு பேரை மட்டும் தொடர்ந்து வைத்துக்கொள்வதாகத் திட்டம் சொல்கிறது. மற்றவர்களுக்கு மாத ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அரசின் முன்னாள் படைவீரர் ஏட்டில் அவர்கள் எண்ணப்பட மாட்டார்கள். அவர்கள் பட்ட காயத்துக்கும் பார்த்த வேலைக்கும் பின்னாளில் யார் பேசுவார்கள்? பதினைந்து ஆண்டு பணியாற்றிய அண்ணன்மார்களின் சங்கங்கள் 'நீ முழு மாலுமி இல்லை' என்று அவர்களை வாசலில் நிறுத்திவிடக் கூடாது. புயலில் ஒரே கப்பலில் இருந்தவருக்கு நான்கு ஆண்டு என்றும் பதினைந்து ஆண்டு என்றும் கணக்கு எதற்கு? கப்பலின் பெயரைச் சொன்னால் உறுப்பினர். அவ்வளவுதான் விதியாக இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ உங்கள் தெருவிலோ முன்னாள் கடற்படைக்காரர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே அவர் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். பணி எண், பணியாற்றிய கப்பல்கள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன வேலை, மெஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யார், அடிபட்டது எங்கே, அப்போது கூட நின்றவர் யார் என்று அவரைச் சொல்லச்சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு படியை அவருடைய சங்கத்துக்கு அனுப்புங்கள். இன்னொரு படியை ஓய்வூதிய ஆணையோடு சேர்த்து அவர் மனைவியின் கையில் கொடுத்து, அது எதற்கு என்றும் சொல்லிவையுங்கள்.